எறப்பு வைத்த கார்

மழையை வெளியே நின்று பார்க்கிறவர்கள் அதைப் பற்றி நன்றாகப் பேசுவார்கள். நான் அதற்குள் கார் ஓட்டினவன். முப்பத்திரண்டு வருஷம், திருவனந்தபுரத்து மழைக்குள். எனக்கு அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை.

இன்றைக்கு என் பெயரில் நாலு வாடகைக் கார் ஓடுகிறது. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் சொந்தமாக ஒர்க்ஷாப் இருக்கிறது. நான் இரண்டாம் கிளாஸோடு சிலேட்டைக் கீழே வைத்தவன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வாழைக்குலை ஏற்றின வண்டியில் குலையோடு குலையாக வந்து இறங்கினேன். கார் கழுவினேன். கழுவின காரை ஓட்டக் கற்றேன். ஓட்டின காரை வாங்கினேன். ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. இதை நான் சொல்லத் தொடங்கினால் ஒர்க்ஷாப்பில் ஸ்பானரைச் சத்தமாகக் கீழே போடுவார்கள், "அண்ணாச்சி ஸ்டார்ட் ஆயாச்சு" என்று. போடட்டும். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

ஆனால் இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் என் வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை. சட்டையை இடது கையால் இழுத்து மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் கார் வலது பக்கம் திரும்பப்போகிறது என்றால் டிரைவர் வலது கையை வெளியே நீட்டித்தான் காட்ட வேண்டும். ஹாரனும் வெளியேதான், ரப்பர் பந்து வைத்தது, அமுக்கினால் பூம் என்னும். ஆகவே மழை எவ்வளவு அடித்தாலும் டிரைவர் பக்கத்துக் கண்ணாடி திறந்தேதான் இருக்கும். சட்டைக் கை காலையில் நனைந்தால் சாயங்காலம் வரை அப்படியே உடம்பில் ஒட்டிக் கிடக்கும். அந்த ஈரம் எல்லாம் எங்கே போயிற்று என்று அப்போது நான் யோசிக்கவில்லை. எங்கேயும் போகவில்லை, தோளுக்குள்தான் இறங்கியிருக்கிறது.

இந்த ஊரில் காருக்கு முதன்முதலில் எறப்பு வைத்தவன் நான். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

எறப்பு என்றால் வேறொன்றும் இல்லை. வீட்டுக் கூரை சுவரைத் தாண்டி வெளியே நீண்டு நின்று, மழைத் தண்ணீரைச் சுவரில் படாமல் தள்ளிக் கொட்டுமே, அதற்கு எங்கள் ஊர்ப் பேச்சில் அதுதான் பெயர். அரிவாளையும் குடையையும் அதில்தான் செருகி வைப்போம். புத்தகத்தில் எழுதும்போது இறப்பு என்று எழுத வேண்டுமாம். அந்த ஒரு எழுத்தில் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

இரண்டாவது ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முன்னால் நடந்தது. எனக்கு அப்போது ஒரே ஒரு கார். என் கைக்கு வருமுன் மூன்று பேரிடம் அடிபட்ட சீமைக் கார். பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருப்பேன். ஸ்ரீவராகத்து அக்ரகாரத் தெரு ஒன்றில் ஒரு வக்கீல் இருந்தார். நாங்கள் எல்லாரும் சாமி என்போம். வஞ்சியூர் கோர்ட்டுக்கு அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது என் வேலை. என்னை அவர் சாரதி என்றுதான் கூப்பிடுவார். கேலிதான், ஆனால் மரியாதையான கேலி. ஆசனத்தில் ஒரு கம்பளியை விரித்துத்தான் உட்காருவார். கம்பளிக்குத் தீட்டு இல்லையாம். யார் யாரோ உட்கார்ந்த ஆசனம் என்பதால் அப்படி. எனக்கு அதில் வருத்தம் இல்லை, ஆசனத் தோல் தேயாமல் இருந்தது.

சாமிக்கு இழுப்பு. ஈரக்காற்று வந்துவிட்டால் நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். மழைக்கு என் பக்கம் தவிர மற்றக் கண்ணாடி மூன்றையும் ஏற்றிவிட்டால், பழவங்காடி வருவதற்குள் பின் ஆசனம் அரிசி வேகிற பானை மாதிரி ஆகிவிடும். ஈரக்குடை, பெட்ரோல், கம்பளி எல்லாம் சேர்ந்து ஒரு நாற்றம். நல்ல நெஞ்சுக்காரனுக்கே மூச்சு முட்டும். முந்தின வருஷம் அப்படித்தான் ஒரு நாள் போனோம். பாதி வழியில் சாமி கையால் கண்ணாடியை அடித்தார். வாய் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. நான் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். இறக்கினதும் மழை அவர் மடியில் கொட்டியது. மூச்சு வந்தது, ஆனால் நனைந்து போனார். அதற்குப் பிறகு மூன்று வாரம் படுக்கை. அந்த மழைக்காலம் முழுக்க அவரை வாசலைத் தாண்ட விடவில்லை, அவர் சம்சாரம், எங்களுக்கு அம்மா.

இந்த வருஷம் அப்படிக் கிடக்க முடியாது என்றார் சாமி. அவரிடம் ஒரு வழக்கு இருந்தது. புருஷனை இழந்த ஒரு பெண்ணின் வீட்டை மைத்துனர்கள் எழுதி வாங்கிக்கொண்ட வழக்கு. ஏழு வருஷமாக நடத்துகிறார். வயதாகிவிட்டது, இதை முடித்துவிட்டு வக்கீல் கோட்டைக் கழற்றிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஜட்ஜி இனி வாய்தா கிடையாது என்று சொல்லிவிட்டார். விசாரணை இடவ மாதக் கடைசியில் தொடங்கி மிதுனம் முழுக்க. அதாவது சரியாக மழைக்குள்.

மலையாளத்து மேட மாதத்தில் ஒரு நாள், வெயில் கொளுத்துகிறது, கோர்ட்டிலிருந்து திரும்பி அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அவர் இறங்காமல் இருந்தார்.

"சாரதி, அடுத்த மாசம் மழை வந்துடும். கண்ணாடியைச் சாத்தினா மூச்சு போயிடறது. திறந்தா நனைஞ்சு போயிடறேன். நான் என்ன பண்ணட்டும்?"

"தொறந்து போட்டே கொண்டு போறேன் சாமி. ஒரு சொட்டு மேல விழாது."

"விழுந்தா?"

"இந்த மீசைய எடுத்துருதேன்."

என் மீசை அப்போது பெரிய மீசை. கார் ஸ்டாண்டில் அதைப் பார்த்துத்தான் என் காரைக் கண்டுபிடிப்பார்கள்.

சாமி சிரித்தார். "ஒரு ஏழைப் பொண்ணோட வீடு உன் மீசையில நிக்கறது. சரி, ரிக்கார்டுல ஏறட்டும்."

வாசல் நிலைக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா சொன்னாள்: "நானும் கேட்டுண்டேன். ஜம்பத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை."

சொல்லிவிட்டேன். வழி தெரியாமல்தான் சொன்னேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போய்விடும், நான் பின்னாலேயே ஓடிப்போய் அதைப் பிடித்து நிஜமாக்கிவிடுவேன். அப்படித்தான் நான் முன்னுக்கு வந்தது.

முதலில் பழைய குடைத்துணியை வெட்டி ஜன்னலுக்கு மேலே தைத்துப் பார்த்தேன். கார் வேகம் எடுத்ததும் அது படபடவென்று அடித்து, உள்ளே இருக்கிறவர் கன்னத்தில் அறைந்தது. அடுத்தது கமுகம்பாளை, பாக்கு மரத்துப் பாளை. பாளையில் தண்ணீர் ஒட்டாது, வளைந்தும் நிற்கும், எங்கள் ஊரில் அதில் தண்ணீரே மொண்டு குடிப்போம். கம்பி வைத்துக் கட்டினேன். முதல் மழையில், பழவங்காடி திருப்பத்தில், அது பிய்த்துக்கொண்டு பறந்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற இடத்தில் போய் விழுந்தது. கோவில் வாசல் பூக்காரி அதை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

"என்னா அண்ணாச்சி, எல்லாரும் தேங்கா ஒடைக்கா. நீரு பிள்ளையாருக்கு விசிறியா நேந்திருக்கீரு?"

ஸ்டாண்டில் ஒரு வாரம் இதையே சொல்லிச் சிரித்தார்கள்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். மழை எங்கிருந்து உள்ளே வருகிறது? மேலேயிருந்து என்று எல்லாரும் சொல்வார்கள். நிற்கிற வீட்டுக்கு மேலேயிருந்துதான் வரும். ஓடுகிற காருக்கு? பழைய நியூஸ் பேப்பரைப் பின் ஆசனம் முழுக்க விரித்தேன். ஜன்னலைத் திறந்து போட்டு, நல்ல மழையில், ஸ்ரீவராகத்திலிருந்து வஞ்சியூர் வரை தனியாக ஓட்டினேன். போய் நிறுத்திவிட்டுப் பேப்பரைப் பார்த்தேன். மற்றவர்கள் பேப்பரில் எழுத்தைப் படிப்பார்கள், நான் சொட்டைப் படித்தேன். மேலேயிருந்து விழுந்த சொட்டு கொஞ்சம்தான். முன் கண்ணாடியில் அடிக்கிற தண்ணீர் ஓரத்துத் தூண் வழியாகப் பின்னால் வழுக்கி வந்து, ஜன்னல் மூலையில் உள்ளே பாய்கிறது. அதுதான் அதிகம். பிறகு பிரேக் போட்டால் கூரை மேலே நிற்கிற தண்ணீர் ஒரு குடம் மாதிரி முன்னால் சரிந்து இறங்குகிறது. வளைவில் திரும்பினால் பக்கத்தில் இறங்குகிறது. மூன்று மழை நாளில் நாற்பது பேப்பர் கெடுத்தேன். எஞ்சினீயரிங் படித்தவர் யாராவது இதைச் செய்திருந்தால் மெடல் கொடுத்திருப்பார்கள்.

எறப்பு வைக்க வேண்டியது ஜன்னலுக்கு மேலே மட்டும் அல்ல என்று தெரிந்தது. முன் தூணிலேயே தொடங்க வேண்டும், பின்னால் போகப் போகச் சரிய வேண்டும், ஓரத்தை மேலே மடித்து விட வேண்டும், அந்த மடிப்புக்குள் தண்ணீர் ஓடிக் கதவுக்குப் பின்னால் போய் விழ வேண்டும். வீட்டு எறப்பும் அதற்குக் கீழே தண்ணீர் ஓடுகிற தகரப் பாத்தியும் சேர்த்தாற்போல.

சாலைக் கடைத்தெருவில் ஒரு தகர வேலைக்காரர் இருந்தார். மலையாளத்துக்காரர், மேஸ்திரி என்போம். விஷயத்தைச் சொன்னதும் தகரம் வெட்டுகிற கத்திரியைக் கீழே வைத்துவிட்டார்.

"காறினு இறயோ? நாளெ ஒரு அடுக்களயும் கெட்டித் தரான் பறயுமல்லோ." நாளைக்கு அடுக்களையும் கட்டித் தரச் சொல்வேனாம்.

"அடுக்கள பெறவு கெட்டலாம் மேஸ்திரி. இப்பம் எறப்பு போதும்."

அவர்கள் பேச்சில் அது இற, எங்கள் பேச்சில் எறப்பு. இரண்டு பேருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. மூன்று தடவை வெட்டி, மூன்று தடவை பிரித்து, நாலாவது தடவை சரியாக உட்கார்ந்தது. கறுப்பு பெயின்ட் அடித்தேன். ஸ்டாண்டில் சிரித்தவர்கள் எல்லாரும் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தரும் நல்லது என்று சொல்லவில்லை. எறப்பு கார் என்று பெயர் மட்டும் வைத்தார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்துப்போயிற்று. நானே எல்லாரிடமும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

விசாரணையின் முதல் நாள் வந்தது. விடிந்ததிலிருந்து மழை. சாமி கோட்டும் தலைப்பாகையும் கழுத்தைச் சுற்றிச் சால்வையுமாக வாசலுக்கு வந்தார். கையில் கேஸ் கட்டு. அம்மா நிலைப்படியில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள், எதிரே யார் வருகிறார்கள் என்று. நல்ல சகுனம்தான், தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் வந்தாள். அந்த மழையிலும் கிணற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறாள். அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"ஏன்டாப்பா, திறந்த ஜன்னலோட போறேங்கறே. உள்ள சாரல் அடிக்காதோ?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். இன்றைக்கும் அந்த வார்த்தை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"பயப்படாதீங்கம்மா. சாமி தலைக்கு மேல எறப்பு வந்தாச்சு."

அம்மாவின் கை சாமியின் கோட்டைப் பிடித்தது. பிடித்த பிடியிலேயே அவரை உள்ளே இழுத்தாள். அவர் சிரிக்கத் தொடங்கினார், சிரிப்பு இருமலாயிற்று, இருமல் இழுப்பாயிற்று. கதவு சாத்தியாயிற்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை. காருக்குள் வந்து உட்கார்ந்து, சொன்னதை எனக்கு நானே ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது.

அன்றைக்கு ஜூனியர் வக்கீல் போய், உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கெஞ்சினாராம். ஜட்ஜி அடுத்த வியாழக்கிழமை என்றாராம். அதுதான் கடைசி. அன்றும் வராவிட்டால் ஜூனியரே நடத்த வேண்டியது. ஜூனியர் நல்ல பையன்தான், ஆனால் ஏழு வருஷக் கட்டு அவருடைய தலைக்குள் இல்லை.

சாயங்காலம் நான் போய்க் கூப்பிட்டேன். அம்மா வந்தாள், நிலைப்படிக்கு உள்ளேயே நின்றாள்.

"அம்மா, எங்க ஊர்ல ஓட்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கதுக்கு அதுதான் பேரு. வேற அர்த்தம் ஒண்ணும் இல்ல."

"உங்க ஊர்ல என்ன வேணா சொல்லிக்கோ. எங்காத்து வாசல்ல நின்னுண்டு, அவர் கிளம்பற நேரத்துல, தலைக்கு மேல வந்தாச்சுன்னியே. நன்னா இருக்கா நோக்கே?"

"தப்புதான். ஆனா சாமான் நல்ல சாமான். ஒரு சொட்டு வராது."

"சாமானை யார் சொன்னா? எங்காத்துல அதைத் தாழ்வாரம்னு சொல்லுவோம். நீயும் அப்படிச் சொல்லு. அந்த வார்த்தையை முதல்ல வண்டியை விட்டு இறக்கிட்டு வா, அப்பறம் வண்டியைக் கொண்டு வா."

இதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு வார்த்தை. நான் சொல்லவில்லை. தாழ்வாரம் என்பது வேறு, அது முற்றத்தைச் சுற்றி வருவது, அதில் உட்கார்ந்து சாப்பிடலாம். என் காரில் இருப்பது எறப்பு. நான் யோசித்தது, நான் நாற்பது பேப்பர் கெடுத்தது, நான் வைத்தது, பெயரும் நான் வைத்ததாகவே இருக்கட்டும் என்று இருந்தது எனக்கு. அந்த வயதுவரை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவரவர் வார்த்தையைத்தான் சொல்லிப் பிழைத்திருந்தேன். அங்கே அம்மா, இங்கே யஜமான், அடுத்த வாசலில் வேறொன்று. எனக்கென்று ஒரு வார்த்தை அப்போதுதான் கிடைத்திருந்தது. காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐந்து நாள் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. வேறு சவாரி எடுத்தேன். எறப்பு நன்றாகத்தான் வேலை செய்தது. ஏறினவர்கள் எல்லாரும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உலர்ந்த துணியோடு இறங்கினார்கள். ஒவ்வொருத்தர் இறங்கும்போதும் எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. அலுப்பாக இருந்தது. என் கை மட்டும் நனைந்துகொண்டே இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. பிள்ளையார் கோவில் எதிரே காரில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். யாரோ கதவுப் படியில் உட்கார்கிற மாதிரி கார் ஒரு பக்கம் சாய்ந்தது. திறந்து பார்த்தால் சாமி. ஸ்ரீவராகத்திலிருந்து நடந்து வந்திருக்கிறார். கையில் குடை, செருப்பு முழுக்கச் சேறு. நெஞ்சு மேலேயும் கீழேயும் போய்வருகிறது. பேசுவதற்கு அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. நான் இறங்கி எதிரே நின்றேன். பூக்காரி ஒரு முக்காலியைக் கொண்டுவந்தாள், அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"சாரதி. நாளைக்குக் கேஸ்."

"தெரியும் சாமி."

"அவ ஒரு வார்த்தை கேக்கறா. அதை மாத்தறதுக்கு நோக்கு எத்தனை நாள் வாய்தா வேணும்?"

நான் எறப்பின் நுனியில் தங்கின தண்ணீரை விரலால் வழித்தேன்.

"நேக்கு இனிமே வாய்தா இல்லை" என்றார்.

கம்பளி இல்லாமலே அவரைக் காரில் உட்கார வைத்து வீட்டுத் தெரு முனையில் இறக்கிவிட்டேன். அவர் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

மறுநாள் காலையில் நல்ல மழை. வாசலில் காரை நிறுத்தினேன். அம்மா வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தாழ்வாரம் வச்ச கார் வந்திருக்கும்மா" என்றேன்.

"என்ன வச்ச கார்? மழைச் சத்தத்துல கேக்கலை."

"தாழ்வாரம்மா. தாழ்வாரம்."

"ம்" என்று உள்ளே திரும்பி, "கிளம்புங்கோ" என்றாள்.

கடல் மேற்கே இருக்கிறது, கச்சான் காற்று அங்கிருந்துதான் மழையைக் கொண்டுவரும். வஞ்சியூருக்குப் போகும்போது காற்று இடது பக்கம் அடிக்கும். ஆகவே அந்தப் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, வலது பக்கத்தைப் பாதிக்கு மேல் இறக்கி, சாமியை வலது பக்கம் உட்கார வைத்தேன். திரும்பி வரும்போது அவர் இடம் மாற வேண்டும், அதையும் சொன்னேன்.

"போறச்சே வாதி பக்கம், வரச்சே பிரதிவாதி பக்கமா?" என்றார்.

அதற்கு மேல் ஓட்டுவதில் இருக்கிறது விஷயம். தகரம் பாதி, கை பாதி. பிரேக்கைச் சட்டென்று போடக் கூடாது. வளைவுக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, கூரைத் தண்ணீரை முன்னால் இறங்கவிட்டு, அப்புறம் திரும்ப வேண்டும். எதிரே வண்டி வந்தால் ஓரம் கட்டி அதைப் போகவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் சக்கரத்துத் தண்ணீர் உள்ளே வரும். முன் கண்ணாடிக்குப் புகையிலையை நனைத்துத் தேய்த்திருந்தேன், தண்ணீர் தங்காமல் ஓட. இவ்வளவையும் செய்துகொண்டு வலது கையை வெளியே நீட்டிக் காட்டவும் வேண்டும். கோர்ட் வாசலில் நிறுத்தும்போது என் சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் வரும். சாமி இறங்கிக் கோட்டின் நுனியைத் தட்டிவிட்டுக்கொண்டார். தூசிதான் இருந்தது.

அந்த மழைக்காலம் முழுக்க அப்படி ஓடினோம். விசாரணை உள்ள நாள் எல்லாம் அவர் போனார். ஒரு நாள் கூட விடவில்லை. திரும்பி வந்ததும் அம்மா வாசலிலேயே அவரை நிறுத்திக் கோட்டைத் தடவிப் பார்ப்பாள். தோள், முதுகு, வலது கை, இடது கை. போலீஸ்காரர் தடவுகிற மாதிரி. பிறகு என்னைப் பார்ப்பாள். நான் மீசையைத் தடவிக்கொள்வேன். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போவாள். அந்த நடைதான் எனக்குக் கிடைத்த பாராட்டு. நல்லது என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

எனக்குக் காய்ச்சல் வந்து வந்து போயிற்று. ஒரு கஷாயத்தைக் குடித்துவிட்டு ஓட்டினேன். வேறு டிரைவரை விட்டால் வளைவில் பிரேக் போட்டுவிடுவான் என்று பயம்.

கர்க்கடக மாதம் பிறந்த பிறகுதான் வாதம் முடிந்தது. கடைசி நாள் சாமி இரண்டு மணி நேரம் நின்று பேசினாராம். கோர்ட் சேவகர் வந்து என்னிடம் சொன்னார், ஒரு தடவை கூட இருமவில்லை என்று. சாயங்காலம் வெளியே வந்தவர் கேஸ் கட்டை ஜூனியரிடம் கொடுத்துவிட்டார். எப்போதும் மடியில் வைத்துக்கொண்டுதான் வருவார். வெறுங்கையோடு வந்து காரில் ஏறினார். இடது பக்கம் உட்கார்ந்தார்.

மழை பலமாக இல்லை, சீராகப் பெய்துகொண்டிருந்தது. பாதி வழி போனோம். பிறகு, "சாரதி, கண்ணாடியை முழுசா இறக்கலாமோ?" என்றார்.

"இறக்கலாம் சாமி. கொஞ்சம் காத்து வரும்."

அவரே பிடியைச் சுற்றி இறக்கினார். நான் முன் கண்ணாடிக்கு மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் பார்த்தேன். அவர் கையை மெதுவாக வெளியே கொண்டுபோனார். எறப்பைத் தாண்டிக் கொண்டுபோய், அதன் நுனியில் விழுகிற தண்ணீருக்குக் கீழே உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார். கை நிறைந்ததும் கவிழ்த்தார். மறுபடி விரித்தார். கோட்டின் கை முழங்கை வரை நனைந்து கறுத்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். சாமி என்று கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. எத்தனை மழைக்காலம் அந்த மனுஷர் மழையைத் தொடாமல் இருந்திருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்.

கிழக்கேகோட்டை தாண்டினதும் கையை உள்ளே எடுத்துத் துண்டால் துடைத்தார். கோட்டைத் துடைத்து என்ன ஆகும்? சின்னக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொள்ளப்போகிறவர் முகம்.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். தோளைத் தடவினாள், முதுகைத் தடவினாள். வலது கை. இடது கைக்கு வந்ததும் அவள் கை நின்றது.

"நனைஞ்சிருக்கே. சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கே."

சாமி தெருவைப் பார்த்தார். ஆயுசெல்லாம் அடுத்தவர்களுக்காகப் பேசினவர், தனக்கு ஒரு வார்த்தை கிடைக்காமல் நின்றார்.

"தாழ்வாரம் ஒழுகிட்டுதும்மா" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு சொட்டு விழாதுன்னியே."

"விழுந்துட்டுதும்மா. தகரத்துல ஒரு ஓட்ட. நான் பாக்கல்ல."

என் மீசையை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். சாமியை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர் நிலைப்படியில் திரும்பினார், எதையோ சொல்ல வருகிற மாதிரி. நான் காரை எடுத்துவிட்டேன்.

அன்றைக்கு அவருக்கு இழுப்பு வரவில்லை. மறுநாள் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தீர்ப்பு மழை விட்டபிறகுதான் வந்தது. ஜெயித்தாரா என்றால், பாதி. அந்தப் பெண்ணுக்கு வீட்டில் தெருப்பக்கத்துப் பாதி கிடைத்தது. சாமி அதற்குப் பிறகு கோட்டு மாட்டவில்லை.

சாமியின் கோட்டு நனைந்த அடுத்த நாள் காலையில் நான் மீசை இல்லாமல் ஸ்டாண்டுக்குப் போனேன். பூக்காரி முதலில் என்னை அடையாளமே கண்டுபிடிக்கவில்லை. பிறகு கேட்டாள். எல்லாரும் கேட்டார்கள். வேர்க்கிறது, எடுத்துவிட்டேன் என்றேன். எறப்பு ஒழுகிற்றாமே என்று ஒருத்தன் கேட்டான். அந்தத் தெருவிலிருந்து எப்படியோ பேச்சு வந்திருக்கிறது. ஆமாம், ஒழுகிற்று என்றேன். சாலைக் கடைத்தெரு மேஸ்திரி என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை, அவர் வேலையைக் குறை சொல்லிவிட்டேன் என்று. மீசை திரும்ப வளர்ந்தது, முன்மாதிரி அடர்த்தியாக வரவில்லை.

சாமியும் இல்லை, அம்மாவும் இல்லை, அந்தக் காரும் இல்லை. இனி இதைச் சொல்வதால் யாருக்கும் திட்டு விழாது. அந்த எறப்பு ஒழுகவில்லை. அந்த மழைக்காலத்தில் ஒரு நாளும் ஒழுகவில்லை. நான் வைத்தது.